போர்க்காலத்தில் நம் ஊர்: 1939 முதல் 1945 வரையிலான உள்ளூர் வாழ்க்கையைத் தேடத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

இரண்டாம் உலகப் போரில் தமிழ் மாவட்டங்களின் மண்ணில் எந்தப் படையும் மோதிக்கொள்ளவில்லை. அதனால் அந்தப் போர் எங்கோ நடந்து முடிந்தது, நம் ஊருக்கும் அதற்கும் தொடர்பில்லை என்ற எண்ணம் பலரிடம் ஊறிப்போயிருக்கிறது. உண்மையில் 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தபோது அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. மலாயாவின் பினாங்கிலும் ஈப்போவிலும் இருந்து மாதந்தோறும் வந்த மணியார்டர்கள் நின்றன. மண்ணெண்ணெயும் துணியும் அளந்து கொடுக்கப்படும் பொருள்களாயின, விளைநிலங்கள் விமான ஓடுதளங்களாயின, வீட்டை விட்டுப் போன இளைஞர்களில் பலர் திரும்பவே இல்லை. இவை பெரும்பாலும் எழுதப்படாமலே இருக்கின்றன. தம் ஊரிலோ வட்டத்திலோ இவற்றைத் தேடித் தொகுக்க விரும்பும், ஆனால் எங்கே தொடங்குவதென்று தெரியாத ஒருவருக்காக இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. வரலாற்றுப் பட்டம் தேவையில்லை. பொறுமையும், கேட்டதை உடனே நம்பிவிடாத, அதே வேளையில் உடனே தள்ளியும் விடாத மனமும் இருந்தால் போதும்.

முதல் படி: கேள்வியைச் சிறிதாக்குங்கள்

"போர்க்காலத்தில் தஞ்சை மாவட்டம்" என்று தொடங்கினால் ஓராண்டுக்குப் பின்னும் கையில் துண்டுச் செய்திகள்தாம் இருக்கும். ஓர் ஊரையும் ஒரு கேள்வியையும் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரிலிருந்து பர்மாவுக்குப் போனவர்கள் யார், அவர்களில் யார் எப்படித் திரும்பினார்கள்? ஊருக்கு வெளியே கிடக்கும் பழைய விமான ஓடுதளத்தின் நிலம் யாருடையதாக இருந்தது? 1943இல் இந்தத் தெருவில் மக்கள் என்ன சாப்பிட்டார்கள்? மூன்றாவது கேள்வி எளிமையானதாகத் தோன்றும். என் கணிப்பில் அதுவே மிகுந்த விளைச்சல் தரக்கூடியது, ஏனென்றால் அதற்கு விடை சொல்ல ஊரில் எல்லாராலும் முடியும்.

இரண்டாம் படி: ஒரு காலவரிசைத் தாளைத் தயாரியுங்கள்

யாரிடமும் பேசுவதற்கு முன் ஒரே ஒரு தாளில் முக்கியமான தேதிகளை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். 1939 செப்டம்பர் 3 அன்று இந்தியாவும் போரில் இருப்பதாக வைஸ்ராய் அறிவித்தார். அதை எதிர்த்து அவ்வாண்டின் இறுதிக்குள் இராஜாஜியின் சென்னை அமைச்சரவை உள்ளிட்ட காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. 1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கியது. அம்மாத இறுதியிலேயே ரங்கூன்மீது குண்டு விழுந்தது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்ரல் 5இல் கொழும்பும், 6இல் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9இல் திருகோணமலையும் ஜப்பானிய விமானத் தாக்குதலுக்கு உள்ளாயின. அந்த ஏப்ரலில்தான் சென்னை நகரம் காலியானது. அலுவலகங்கள் உள்மாவட்டங்களுக்கு மாற்றப்பட்டன, உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போனது, குண்டுவீச்சில் கூண்டுகள் உடைந்தால் ஆபத்து என்று மிருகக்காட்சிசாலையின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு இயக்கம் வெடித்தது. தேவகோட்டை நீதிமன்றமும் சூலூர் விமான தளமும் எரிக்கப்பட்டன. 1943இல் சென்னையில் அரிசிப் பங்கீடு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஓர் இரவு ஜப்பானிய விமானம் ஒன்று சென்னையில் குண்டு வீசிச் சென்றது. 1945 ஆகஸ்ட் 15இல் ஜப்பான் சரணடைவதாக அறிவித்தது.

இந்தத் தாளின் மறு பத்தியில் தமிழ் ஆண்டுகளை எழுதுங்கள். முதியவர்களின் நினைவிலும் வீட்டுக் கணக்குகளிலும் 1942 என்ற எண் இருப்பது அரிது. சித்திரபானு என்றுதான் இருக்கும். 1939 சித்திரையில் பிறந்தது பிரமாதி; அதன்பின் விக்ரம, விஷு, சித்திரபானு, சுபானு, தாரண, பார்த்திப என்று வரிசை செல்கிறது. ஆண்டு சித்திரையில் மாறுகிறது என்பதை மறக்கக்கூடாது. கொழும்பில் குண்டு விழுந்தது விஷு ஆண்டுப் பங்குனியில். சென்னையிலிருந்து மக்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறிய காலம் அந்தப் பங்குனியிலும் சித்திரபானு ஆண்டுச் சித்திரையிலுமாக விழுகிறது. இதைக் கவனிக்காவிட்டால் ஒரே நிகழ்ச்சியை இரண்டு வெவ்வேறு ஆண்டுகளில் நடந்ததாக எழுத நேரும்.

மூன்றாம் படி: வீட்டுக்குள் இருக்கும் காகிதம்

ஆவணக் காப்பகத்துக்குப் போவதற்கு முன் பரணுக்கும் மரப்பெட்டிக்கும் போக வேண்டும். குடும்ப அட்டை, யுத்த நிதிக்குப் பணம் கொடுத்த ரசீது, கடல் கடந்து வந்த கடிதம், தணிக்கை முத்திரை விழுந்த உறை, பழைய கடவுச்சீட்டு, கல்யாணப் பத்திரிகை, மொய்ப் புத்தகம், கடைப் பேரேடு ஆகிய எல்லாமே சான்றுகள். 1942க்கும் 1945க்கும் இடைப்பட்ட மொய்ப் புத்தகத்தையும் அதற்கு ஐந்தாண்டு முந்தைய மொய்ப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், எந்த உறவினர்கள் வரவில்லை, யார் வீட்டுக் கை சுருங்கியது என்பது தெரியத் தொடங்கும். செட்டிநாட்டுப் பகுதியில் தேடுவோருக்குப் பர்மா, மலாயா வட்டிக்கடைக் கணக்குகள் பெரும் செல்வம். தென்கிழக்காசியாவில் முதலிட்டிருந்த குடும்பங்கள் இந்தப் போரில் எவ்வளவு இழந்தன என்பதை வேறெந்தப் பதிவும் அவ்வளவு நெருக்கமாகச் சொல்லாது.

காசுகளையும் பாருங்கள். நடுவில் துளையிட்ட காலணா 1943இல்தான் வந்தது. உலோகத் தட்டுப்பாடே அதற்குக் காரணம். அரசு ஒரு ரூபாய்த் தாளை மீண்டும் வெளியிட்டதும், வெள்ளி ரூபாயில் வெள்ளியின் அளவைக் குறைத்ததும் 1940இல். அந்த ஓட்டைக் காலணாவை ஒரு முதியவரின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, அப்போது இதற்கு என்ன வாங்கலாம் என்று கேட்டால், போரைப் பற்றி நேரடியாகக் கேட்பதைவிட அதிகம் கிடைக்கும்.

எந்தக் காகிதத்தையும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கேயே, நிழலான வெளிச்சத்தில், முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படமெடுத்து, யாருடைய வீடு, எந்தப் பெட்டி, யார் எழுதியது என்பதை அன்றே குறித்துவிடுங்கள். பின்பக்கத்தை விட்டுவிடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. தேதியும் அஞ்சல் முத்திரையும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

நான்காம் படி: பேசுதல்

இதுவே இந்த வேலையின் உயிர்நாடி. இதற்குக் காலம் மிகவும் குறைவாக இருக்கிறது. 1942இல் பத்து வயதாக இருந்தவர் இன்று தொண்ணூறைக் கடந்திருப்பார். ஆகவே நேரில் கண்டவர்கள் சிலரும், தாய் தகப்பன் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் பலரும் உங்களிடம் பேசுவார்கள். இருவரையும் கேளுங்கள், ஆனால் "நான் பார்த்தேன்", "அம்மா சொல்வார்" என்ற வேறுபாட்டைக் குறிப்பில் கண்டிப்பாகக் காப்பாற்றுங்கள்.

"போரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால், "எங்களுக்கு ஒன்றும் தெரியாது, அதெல்லாம் பட்டணத்தில்" என்றே பதில் வரும். அந்தப் பெரியவர் பொய் சொல்லவில்லை. தம் வாழ்க்கையைப் போர் என்ற பெயரில் அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை. ஆகவே பொருளிலிருந்து தொடங்குங்கள். வீட்டில் விளக்குக்கு எண்ணெய் எங்கே வாங்கினீர்கள்? எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருந்தது? அரிசி இல்லாத நாளில் உலையில் என்ன போட்டார்கள்? கல்யாணத்துக்குப் புடவை எப்படிக் கிடைத்தது? பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில் ஓடும் கரி பஸ் ஓடியதா, மேட்டில் ஏறும்போது இறங்கித் தள்ளினீர்களா? பட்டணத்திலிருந்து உறவினர்கள் வந்து தங்கினார்களா, எத்தனை நாள், யார் சமைத்தார்கள்? சப்பான்காரன் வருவான் என்று யார் சொன்னார்கள்? இந்தக் கேள்விகளில் ஒன்று பிடித்துக்கொள்ளும். அதன்பின் நீங்கள் பேசாமல் இருப்பதே நல்லது.

பெண்களைத் தனியாகக் கேளுங்கள். கூடத்தில் ஆண்கள் உட்கார்ந்திருக்கும்போது, பங்கீட்டுக் கடையில் விடியற்காலையிலிருந்து நின்ற பாட்டி, "அவருக்குத்தான் எல்லாம் தெரியும்" என்று கணவரையோ மகனையோ காட்டிவிடுவார். அரிசியில் கல் பொறுக்கியதும், குருணையைக் கஞ்சியாக்கியதும், தான் உண்ணாமல் பிள்ளைகளுக்கு வைத்ததும் அவர் நினைவில்தான் இருக்கும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஊரின் பெரிய தெருவோடு நிறுத்திக்கொண்டால் நீங்கள் எழுதுவது ஊரின் வரலாறு ஆகாது. நிலம் வைத்திருந்த வீட்டில் "அப்போது கஷ்டம்தான், ஆனால் சோற்றுக்குக் குறைவில்லை" என்பார்கள். அதே ஆண்டை அதே ஊரின் சேரியில் வேறு விதமாகச் சொல்வார்கள். கூலியை நெல்லாகப் பெற்ற குடும்பமும் காசாகப் பெற்ற குடும்பமும் விலையேற்றத்தை ஒரே மாதிரி சந்தித்திருக்க முடியாது. கூலி எதில் கிடைத்தது என்ற ஒரு கேள்வியை எல்லாரிடமும் கேளுங்கள். நெசவாளர் தெருவில் நூல் கிடைத்ததா என்றும், மீனவர் குப்பத்தில் இரவில் கடலுக்குப் போக விட்டார்களா என்றும் கேளுங்கள்.

மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் (இன்றைய தாய்லாந்து) மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் குடும்பங்களைச் சந்திக்க நேர்ந்தால் மிகுந்த நிதானம் வேண்டும். சயாமையும் பர்மாவையும் இணைத்து 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜப்பானியர் அமைத்த அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. காலராவாலும் பட்டினியாலும் அடியாலும் மாண்ட ஆசியத் தொழிலாளர்களுக்குப் பெயர்ப் பட்டியல்கூட இல்லை. நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குக் கல்லறைகள் உண்டு, ஒவ்வொருவருக்கும் பதிவு உண்டு. நம் மக்களுக்கு அது வாய்க்கவில்லை. ஆகவே புதுக்கோட்டையிலோ சேலத்திலோ ஒரு வீட்டில் "பெரியப்பா மலாயாவுக்குப் போனார், சண்டையில் கடிதம் நின்றுபோச்சு" என்று சொல்லப்படும் ஒரே வாக்கியம், ஒரு மனிதர் இருந்தார் என்பதற்கான கடைசிச் சான்றாக இருக்கக்கூடும். பெயர், தகப்பன் பெயர், புறப்பட்ட ஆண்டு, கடைசிக் கடிதம் வந்த இடம் ஆகிய நான்கையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள்.

பதிவு செய்வதைப் பற்றிச் சுருக்கமாக. கைப்பேசியே போதும். விமானப் பயன்முறையில் வைத்து, மின்விசிறியை விட்டுச் சற்று விலகி அமருங்கள். தொடக்கத்தில் தேதி, ஊர், பேசுபவரின் பெயர், பிறந்த ஆண்டு ஆகியவற்றை உங்கள் குரலில் சொல்லுங்கள். பதிவு செய்யலாமா, பெயரைப் போடலாமா என்ற இரண்டுக்கும் தனித்தனியாக ஒப்புதல் வாங்குங்கள். எழுத்தாக்கும்போது அவர்களுடைய பேச்சை நூல்வழக்குக்குத் திருத்தாதீர்கள்.

ஐந்தாம் படி: நிறுவனப் பதிவுகள்

ஊர்ப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டை முதலில் பாருங்கள். 1942 நடுவில் சென்னைப் பள்ளிகளிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளைகளின் எண்ணிக்கை திடீரென்று கூடியிருந்தால், பட்டணத்திலிருந்து உங்கள் ஊருக்கு மக்கள் வந்ததற்கு அது உறுதியான சான்று. அடுத்த ஆண்டில் அவர்கள் பெயர் நீங்கியிருந்தால் எப்போது திரும்பினார்கள் என்பதும் தெரியும். தலைமையாசிரியரிடம் எழுத்துமூலம் அனுமதி கேட்டு, அங்கேயே பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டும்.

சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அரசாணைகளும் மாவட்ட ஆவணங்களும் இருக்கின்றன. பொத்தாம்பொதுவாகப் போய்க் கேட்டால் பயனில்லை. துறை, ஆண்டு, மாவட்டம் என்று குறுக்கிக்கொண்டு, முதலில் அந்த ஆண்டின் அட்டவணைத் தொகுதியைக் கேட்டு வாங்கி, அதிலிருந்து அரசாணை எண்களை எடுத்து, பிறகு கோப்பைக் கேட்பதே முறை. மாகாண அரசு பதினைந்து நாளுக்கு ஒருமுறை தில்லிக்கு அனுப்பிய நிலவர அறிக்கைகளில் விலைவாசி, வதந்தி, கூட்டங்கள் பற்றிய குறிப்புகள் உண்டு. இவற்றைப் படிக்கையில் எழுதியது யார் என்பதை நினைவில் வைத்திருங்கள். மக்களைக் கண்காணித்த அதிகாரியின் கண் அது.

தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் அக்கால இதழ்களைத் தேட உதவும். சுதேசமித்திரன், தினமணி, விடுதலை ஆகிய நாளேடுகளிலும், விகடன், கல்கி போன்ற வார இதழ்களிலும் செய்தியைவிட விளம்பரங்களையும் வாசகர் கடிதங்களையும் சிரிப்புத் துணுக்குகளையும் கவனித்துப் படியுங்கள். தணிக்கை இருந்த காலத்தில் தலையங்கம் சொல்லத் தயங்கியதை அரிசிக் கடையைப் பற்றிய ஒரு துணுக்கு சொல்லிவிடும். காகிதக் கட்டுப்பாட்டினால் பக்கங்கள் குறைந்ததையும் அந்த இதழ்களே காட்டும்.

மக்கள்தொகைக் கணக்கில் பெரிய நம்பிக்கை வைக்க வேண்டாம். 1941ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு நடந்தது என்றாலும், போரின் காரணமாக அதன் அட்டவணைகளில் பெரும்பகுதி தயாரிக்கப்படவில்லை.

நிலத்தில் எஞ்சியிருப்பவை

உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு, சோழவரம் ஆகிய இடங்களில் போர்க்கால ஓடுதளங்கள் இருந்தன. சோழவரத்தில் பின்னாளில் கார்ப் பந்தயங்கள் நடந்தன. உங்கள் வட்டத்தில் இப்படி ஓர் இடம் இருந்தால் நீங்கள் பேறு பெற்றவர், ஏனென்றால் நிலத்துக்குப் பதிவு உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் புல எண்களைக் கண்டறிந்து, பழைய நில அளவைப் பதிவேட்டில் அந்த எண்களுக்கு எதிரே யார் பெயர் இருந்தது என்று பாருங்கள். நிலம் எடுப்பு அறிவிக்கைகள் அக்கால அரசிதழான செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெஜட்டில் வெளியாயின. அந்தப் பெயர்களோடு ஊருக்குத் திரும்பி, அவர்களுடைய பேரப்பிள்ளைகளைக் கேளுங்கள்: இழப்பீடு கிடைத்ததா, எப்போது, கிணறும் மரங்களும் கணக்கில் சேர்ந்தனவா, குத்தகைக்கு உழுதவருக்கு ஏதாவது கொடுத்தார்களா? கடைசிக் கேள்விக்குப் பதிவேட்டில் விடை இருக்காது. ஓடுதளத்தில் கல் சுமந்தவர்கள் யார், ஆணுக்கும் பெண்ணுக்கும் என்ன கூலி என்பதும் வாய்மொழியாகத்தான் கிடைக்கும்.

படைக்குப் போனவர்கள்

போரில் இறந்தவர்களுக்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியல் இருக்கிறது, இலவசமாகத் தேடலாம். பல பதிவுகளில் தகப்பன் பெயரும் ஊரும் உண்டு. ஆனால் இன்றைய எழுத்துமுறையில் தேடினால் கிடைக்காது. டின்னவேலி, டிரிச்சினாபொலி, டான்ஜோர், ராம்நாட், நார்த் ஆர்க்காட், சிங்கில்புட் என்று அக்கால ஆங்கில வடிவங்களில் தேட வேண்டும். ஆள் பெயரையும் நான்கைந்து விதமாக எழுதிப் பார்க்க வேண்டும். சென்னை நந்தம்பாக்கத்தில் போர்க் கல்லறை இருந்தாலும், நம் ஊர்க்காரர்கள் பலரின் பெயர் பர்மாவின் தௌக்கியானில் உள்ள ரங்கூன் நினைவகத்திலோ சிங்கப்பூரின் கிராஞ்சியிலோதான் இருக்கும். உயிரோடு திரும்பியவர்களைத் தேட, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தையும் குடும்பத்திலுள்ள பதக்கங்களையும் நாடுங்கள். இந்தியப் படையினருக்கு வழங்கப்பட்ட பதக்கங்களின் விளிம்பிலோ பின்புறத்திலோ எண்ணும் பெயரும் பிரிவும் பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும்.

சில ஊர்களில், இவ்வூரிலிருந்து இத்தனை பேர் போருக்குச் சென்றனர் என்று எழுதிய கல் ஒன்று இருக்கும். ஆண்டைப் பாருங்கள். 1914–1919 என்றிருந்தால் அது முதல் உலகப் போருக்குரியது.

ஒப்பிட்டுப் பார்த்தல்

போர்கள் நினைவில் ஒன்றோடொன்று கலக்கும். 1914 செப்டம்பர் 22 அன்று எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டபோதும் மக்கள் நகரை விட்டு ஓடினார்கள், 1942இலும் ஓடினார்கள். தாத்தா சொன்ன கதையில் எது எந்த ஓட்டம் என்று பிரிக்க, அப்போது வீட்டில் யார் யார் பிறந்திருந்தார்கள் என்று கேளுங்கள். அதேபோல், "பர்மாவிலிருந்து வந்தவர்கள்" என்றால் இரண்டு கூட்டத்தார் உண்டு. 1942இல் அரக்கான் வழியாகவும் தமு, இம்பால் வழியாகவும் காடு மலை கடந்து நடந்தவர்கள் ஒரு கூட்டம். பர்மாவில் இராணுவத் தலைவர் நெ வின் ஆட்சியில் கடைகளும் தொழில்களும் பறிக்கப்பட்டபின் 1964 முதல் கப்பலில் அனுப்பப்பட்டவர்கள் மற்றொரு கூட்டம். சில குடும்பங்கள் இரண்டையும் பட்டிருக்கின்றன. நடந்து வந்து, போர் முடிந்தபின் திரும்பிப் போய், மீண்டும் வெளியேற்றப்பட்டவர்கள் அவர்கள். எனவே "எப்படி வந்தீர்கள், நடந்தா, கப்பலிலா?" என்பதை முதல் கேள்வியாக்குங்கள்.

ஒரு செய்தியை உறுதியென்று எழுத, ஒன்றையொன்று சாராத இரண்டு சான்றுகளாவது வேண்டும். ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் சொல்வது இரண்டு சான்றாகாது. சான்று கிடைக்காத செய்தியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. "இப்படிச் சொல்லப்படுகிறது" என்று, சொன்னவரோடு சேர்த்து எழுதலாம். ஜப்பானியர் கரையிறங்கிவிட்டார்கள் என்று ஒரு கடற்கரை ஊரே ஓர் இரவில் ஓடியிருந்தால், கரையிறங்கியது பொய், ஓடியது உண்மை. அந்த ஓட்டத்தில் யார் எதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், யாரை விட்டுவிட்டுப் போனார்கள் என்பது எழுதப்பட வேண்டிய வரலாறே.

எழுதி ஒப்படைத்தல்

எல்லாம் சேர்ந்தபின் எழுதலாம் என்று காத்திருக்காதீர்கள்; எல்லாம் ஒருபோதும் சேராது. ஒரு தெரு, ஒரு குடும்பம், ஓர் ஓடுதளம் என்று எட்டுப் பக்கம் சேர்ந்தவுடன் எழுதி, பேசியவர்களிடம் படித்துக் காட்டுங்கள். கேட்கும்போது அவர்கள் திருத்துவார்கள், புதிதாக ஒன்றைச் சொல்வார்கள், சில வேளை ஒரு பெயரை நீக்கச் சொல்வார்கள். காரணம் கேட்காமல் நீக்குங்கள். பதுக்கல், காட்டிக்கொடுத்தல் போன்ற செய்திகளில் இன்றும் அதே தெருவில் வாழும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பெயரில்லாமல் எழுதுவதே முறை.

ஒலிப்பதிவுகளையும் படங்களையும் இரண்டு வெவ்வேறு இடங்களில் சேமியுங்கள். கோப்பின் பெயரிலேயே ஊர், ஆண்டு, பேசியவரின் பெயர் அல்லது குறியெண் இருக்கட்டும். அச்சிட்ட படி ஒன்றை அந்தக் குடும்பத்துக்கும், ஒன்றை ஊர்ப்புற நூலகத்துக்கும், ஒன்றை மாவட்ட மைய நூலகத்துக்கும் கொடுங்கள். படியின் கடைசிப் பக்கத்தில் விடை கிடைக்காத கேள்விகளை வரிசையாக எழுதி, உங்களைத் தொடர்புகொள்ளும் வழியையும் கீழே குறித்துவிடுங்கள்.